பெட்டியின் இடது பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கும் சத்தத்தைத் தவிர. அண்ணியின் இருமல் நின்றதா? நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா?

நீ வாசித்துப் பதிந்து அனுப்பிய மெமரி கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ அட்டையில் வைத்து ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே வைரம் இருக்கிறதோ என்று தபால்காரருக்கே சந்தேகம் வந்திருக்கும். அன்றைக்கே மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.

படத்தைப் பற்றிப் போன கடிதத்தில் அரைகுறையாக எழுதினேன். கையால் வரைந்த பன்னிரண்டு நிமிடப் படம். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் ஊர் முழுக்க நடக்கிறான், அவ்வளவுதான் கதை. அவன் பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் நீ ஏறி உட்கார்ந்து தட்டுகிற பெட்டி மேளம் விழ வேண்டும். ஊர்கூடிப் பார்க்கப் போகும் என் முதல் இசை இது. அதனால்தான் இவ்வளவு நச்சரிப்பு.

சிக்கல் இதுதான். உன் அடி எல்லாமே தாமதம். நடுப்பலகையில் வலது கை அடிக்கும் 'தொம்', மேல் ஓரத்தில் இடது கை தட்டும் 'டக்', இரண்டும் தாளத்துக்காகக் காதில் ஓடும் கிளிக்குக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு நொடி தள்ளி வருகின்றன. தொடக்கத்தில் போன் ஸ்பீக்கரில் மூன்று கிளிக்கைப் பதியவிட்டுப் பிறகு ஹெட்ஃபோனுக்கு மாறுகிறாயே, அதை வைத்துத்தான் அளந்தேன். கம்பியில்லாத ஹெட்ஃபோன் வாங்கினாயா? வாங்கியிருந்தால் தூக்கி அலமாரியில் வை. அதில் கிளிக் உன் காதுக்கு வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. கம்பி உள்ளதை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை வாசித்து அனுப்பு.

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்தான். போனை எடுத்தால் உன் நாக்கு முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும், நீயும் வைத்துவிடுவாய். சீட்டெழுதி வளர்ந்தவர்கள் நாம், அப்படியே இருப்போம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் வாலு


பிப்ரவரி 23

வாலுக்கு,

அண்ணியின் இருமல் போய்விட்டது. எனக்குத் தூக்கத்துக்குக் குறைவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டால் சரி.

கண்ணாடி தேய்க்கிறவளிடம் தாளத்தைக் கொடுத்தால் இப்படித்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். நீ சொன்னது சரி. ஹெட்ஃபோன் கம்பியில்லாதது. வேலையிடத்தில் ஆளாளுக்கு மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், நானும் ஒன்று வாங்கினேன். இப்போது பழையதைத் தோண்டி எடுத்து, கம்பி பிய்ந்த இடத்தில் டேப் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசித்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் சுவரைத் தட்டினார். அவர் தட்டியதும் பதிவில் இருக்கும், வெட்டிவிடு. ஆனால் தாளத்தில்தான் தட்டினார்.

துறைமுகத்தில் கப்பல் வரிசை கட்டி நிற்கிறது. எனக்குக் கிரேன் கூண்டில்தான் நிம்மதி. பதினைந்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை, காலுக்குக் கீழே கப்பல். அங்கே யாரும் என்னிடம் பேசச் சொல்லிக் கேட்பதில்லை. கீழே நெட்டையன் கையைக் காட்டுவான், நான் லிவரைத் தள்ளுவேன்.

கார்டை அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். லாண்டரிக்குப் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவாள்.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறேன். இப்போது தேவலை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஐந்தில் ஒரு நொடித் தாமதம் போயே போய்விட்டது. பழியை ஹெட்ஃபோன் ஏற்றுக்கொண்டது. இன்னொரு சின்னக் கோளாறும் இருந்தது. உன் போன் ஓட்டும் நேரமும் பதிவுக் கருவி ஓட்டும் நேரமும் முழுக்க ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் கொஞ்சம் விலகியிருந்தது. பதிவை மயிரளவு இழுத்துச் சரிசெய்தேன். அதுவும் தீர்ந்தது.

தீராத ஒன்று இருக்கிறது. அதைத்தான் எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன்.

உன் வலது கை கச்சிதம். கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இடது கை மட்டும் பிந்துகிறது. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் நாற்பது துண்டு, சில இடத்தில் எழுபது. காதுக்கு என்னவோ வழுக்குகிற மாதிரி இருக்கிறதே தவிர இன்னதென்று பிடிபடாது. திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு இடது அடி. உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றுகூட முன்னால் இல்லை.

ஹெட்ஃபோன் தாமதித்தால் இரண்டு கையும் ஒரே அளவு தாமதிக்கும். நேரம் ஒத்துப்போகாவிட்டால் போகப் போக விலகும். இது இரண்டிலும் சேரவில்லை. இயந்திரத்துக்கு வலம் இடம் தெரியாது, அண்ணா.

ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு வாசித்தாயா? இல்லை, வேறு ஏதாவதா? மறைக்காமல் எழுது. கணினியில் ஒவ்வொரு அடியாகப் பிடித்து இழுத்துக் கோட்டில் வைத்துவிட எனக்குத் தெரியும். ஆனால் வாய் திக்கினாலும் கை திக்காத ஆள் நீ. உன் அடியை நான் நகர்த்த வேண்டியதாக இதுவரை இருந்ததே இல்லை.

உன் வாலு


ஏப்ரல் 2

வாலு,

எல்லாரும் சௌக்கியம். காய்ச்சலுக்குப் பிறகு உடனே கடைக்கு ஓடாதே.

பதில் தாமதமாகிவிட்டது, வேலை. நீ சொன்னதைப் பார்த்தேன். பெட்டியின் இடது மேல் ஓரத்தில் பலகை விரிந்திருக்கிறது. அதனால் சத்தம் பிந்தித் தெரிகிறது. இரண்டு திருகாணி போட்டு முடுக்கிவிட்டேன். வேறொன்றும் இல்லை, நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

மறுபடி வாசித்துக் கார்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். இதுதான் கடைசி. எனக்கும் வேலை இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

நலம். நீங்களும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கார்டு வந்தது. இடது கை கோட்டில் இருக்கிறது. பிசகே இல்லை. முதலில் சந்தோஷப்பட்டேன், தேநீர்கூடப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தேநீர் அப்படியே ஆறிப்போனது.

இது நீ இல்லை.

பலகை விரிந்தால் சத்தம் மாறுமே தவிர நேரம் மாறாது. அதை அப்போதே எழுதியிருப்பேன், சண்டை வேண்டாம் என்று விட்டேன். ஆனால் இது வேறு. 'தொம்' லேசாக இருக்கிறது. உன் உள்ளங்கையின் கனம் அதில் இல்லை. 'டக்' விழும்போதெல்லாம் மரத்தில் ஏதோ கெட்டியாக உரசுகிறது. மோதிரம். கிரேனில் ஏறுகிறவர்கள் மோதிரம் போடக் கூடாது என்று நீதானே சொல்லியிருக்கிறாய்? நான்கு தாளக்கட்டுக்கு ஒருமுறை ஒரு மூச்சுச் சத்தம் கேட்கிறது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வாசிக்கிறவர் மூச்சு அது. நீ ஒருநாளும் எண்ணி வாசித்ததில்லை.

யாரை உட்கார வைத்தாய்? வேலையிடத்து நண்பரா? நண்பர் வாசிக்கிறார் என்று சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாமென்றா சொல்லப்போகிறேன்? ஏன் என் காதில் பூ சுற்றுகிறாய்? இரண்டாவது கார்டுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் என்ன நடந்தது?

உடனே எழுது.

உன் தங்கை


மே 1

உனக்கு,

நலம்.

மூன்றாவது கார்டில் வாசித்தது நான்தான். என் வீட்டில், என் பெட்டியில், நான். நண்பனுமில்லை, மோதிரமுமில்லை. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். பிந்தினால் குற்றம், பிந்தாவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம் என்றால் நான் எப்படித்தான் வாசிப்பது? உன் படத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டாய், அதை நேராகச் சொல்ல வாய் வராமல் இப்படிச் சுற்றி வளைக்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். எனக்குத் தெரியாமல் அண்ணிக்கு ஏதாவது எழுதினாயா? அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். சாப்பிடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, என் கையைப் பார்க்கிறாள். நான் கேட்டால், "ஒண்ணுமில்லையே, சும்மாதான்"ங்கிறாள். வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து என்னவோ செய்கிற மாதிரி இருக்கிறது, அதில் ஒருத்தி முந்நூறு மைல் தள்ளி இருந்தாலும்.

இனிமேல் கார்டு வராது.

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணி,

நலமா? உங்கள் வேலையிட முகவரிக்கு எழுதுவதற்கு மன்னியுங்கள். வீட்டுக்கு எழுதினால் அண்ணன் பிரித்துவிடுவான்.

உங்களுக்கும் எனக்கும் நல்லது கெட்டது விசாரிப்பதைத் தாண்டிப் பேச்சு இருந்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் தாளம் போடுவோம், நீங்கள் காலைக்கூட ஆட்ட மாட்டீர்கள். இவர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது போல என்று நானே முடிவு கட்டி ஒதுங்கிவிட்டேன். அது என் தப்பாகக்கூட இருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அண்ணனின் இடது கைக்கு என்ன? அவன் அனுப்பிய கார்டில் இடது கை பிந்தியது. நான் கேட்டேன். அடுத்த கார்டில் வேறு யாரோ வாசித்திருக்கிறார்கள். அவனோ தானே வாசித்ததாகச் சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்கிறான், அல்லது அவனுக்கே தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறது. கார்டு அவன் கையிலிருந்து என் கைக்கு வரும் வழியில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

குற்றம் சாட்டவில்லை. கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 20

அன்புள்ள உனக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

நான் சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒருமுறை துவைக்கப் போட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் எடுத்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது.

மூன்றாவது கார்டில் வாசித்தது நான்.

நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு சமையல் செய்கிறவள் நான். காலை ஆட்டினால்தான் கேட்கிறது என்று அர்த்தமா? ஆஸ்பத்திரி லாண்டரியில் பன்னிரண்டு மெஷின் ஒரே சமயத்தில் ஓடும். எதில் துணி ஒரு பக்கமாக ஒதுங்கி இடிக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன். சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார், "காதைக் கொஞ்சம் கொண்டாங்க"ம்பார்.

அவர் கையை நான் முதலில் கண்டது பெட்டியில் இல்லை, சட்டைப் பொத்தானில். ஜனவரியிலேயே இடது கை பொத்தானைத் தேட ஆரம்பித்துவிட்டது. பிறகு டம்ளரை வலது கைக்கு மாற்றினார். நான் கேட்டேன். "குளிருடி"ன்னார். ஏப்ரலில் உனக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்த கார்டை மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாண்டரியில் போனில் போட்டுக் கேட்டேன். உன் கடிதம் வீட்டில் கிடந்தது, படித்திருந்தேன். படித்ததும் தப்புதான். கேட்டவுடனே எனக்கு அந்த மெஷின் இடிக்கிற சத்தம்தான் ஞாபகம் வந்தது.  இதை நீ கேட்டால் விடமாட்டாய், தோண்டுவாய், நாலு பேருக்குத் தெரியும், துறைமுகம்வரை போகும். அடுத்த ஞாயிறு அவருக்கு ஷிப்ட். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தேன். ஏழு தடவை வாசித்தேன். எட்டாவது தடவை வந்தது. மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருடையதை அழித்துவிட்டேன். அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது நான் கேட்கிறேன். நவம்பரில் அவருக்கு உடல் பரிசோதனை. அதுவரை நீ வாயைத் திறக்காதே. கிரேனிலிருந்து இறக்கிவிட்டால் குவார்ட்டர்ஸும் போய்விடும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பேச வேண்டிய வேலையில் தூக்கிப் போட்டார்கள் என்றால் அவர் செத்துவிடுவார். அவருக்கு அந்தக் கூண்டு எப்படி என்று உனக்கே தெரியும்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கிற பழக்கத்தை இன்றைக்கு வெறும் பழக்கமாக எழுதவில்லை. நீ நலமா?

அண்ணி எழுதினார்கள். நான்தான் முதலில் எழுதிக் கேட்டேன், உன் சந்தேகம் அந்த மட்டில் சரி. நீ மே மாதம் எழுதியபோது நான் எழுதியிருக்கவில்லை, அதன் பிறகு எழுதினேன். மூன்றாவது கார்டில் வாசித்தது யார் என்று அண்ணியிடமே கேள். கோபப்படாமல் கேள். நன்றாக வாசித்திருக்கிறார்கள். இதை உன்னிடம் சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்கும் இன்றே எழுதிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் யாரும் எதையும் செய்கிற வேலையை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

இதில் ஒரு கார்டு இருக்கிறது. இரண்டே நிமிடம். முதல் நிமிடம் போன வருடம் நீ எனக்காக வாசித்து அனுப்பியது. இரண்டாவது நிமிடம் இந்த வருடம் பிப்ரவரியில் வாசித்தது. இரண்டிலும் வலது காதில் வலது கையை வைத்திருக்கிறேன், இடது காதில் இடது கையை. நடுவில் கிளிக். போன வருடம் உன் இடது கை சராசரியாக ஆயிரத்தில் ஒன்பது துண்டு பிந்தியது. அது மனிதர்கள் எல்லாருக்கும் உள்ளது. இந்த வருடம் ஐம்பத்தைந்து.

அந்த இடது கையில் எந்த லிவரைப் பிடிக்கிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய், மூன்று வருடத்துக்கு முன்னால், பெருமையாக. சரக்குப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டுகிற லிவர். அதன் கீழே ஆட்கள் நடக்கிறார்கள், அண்ணா. என் படத்தில் அடி பிந்தினால் ஏணிக்காரன் காலும் தாளமும் ஒட்டாமல் போகும், அவ்வளவுதான்.

ஜூலை முடியும்வரை காத்திருப்பேன். நீயாக இறங்கி வைத்தியரைப் பார்க்காவிட்டால் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரிக்கு நானே எழுதுவேன். இந்தத் தாளை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் வாலு


ஆகஸ்ட் 19

வாலு,

உடம்பு இருக்கிறது. அண்ணி இருக்கிறாள். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உன் கார்டைக் கேட்டேன். கேட்டதும் எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு, நீ இழுத்து வைத்திருக்கிறாய் என்பதுதான். ஒலியை முன்னும் பின்னும் நகர்த்துவதுதானே உன் பொழுதுபோக்கு? போன வருடத்தை முன்னால் தள்ளி இந்த வருடத்தைப் பின்னால் தள்ள உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணி, தான் வாசித்ததை ஒப்புக்கொண்டாள். நான் பத்து நாள் அவளோடு பேசவில்லை. ஒருத்தி என் கையை அழித்துவிட்டுத் தன் கையை வைக்கிறாள், இன்னொருத்தி என் கையைப் பின்னால் தள்ளுகிறாள். யாரை நம்புவது?

சம்பந்தமே இல்லாத ஒரு ஆளிடம் கேட்போம் என்று நெட்டையனைப் பிடித்தேன். பதினோரு வருடமாகக் கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறவன். ஜூலை முப்பதாம் தேதி, காலை ஷிப்ட் இடைவேளை. கேட்க நினைத்ததைச் சொல்லி முடிக்கவே எனக்கு அரை நிமிடம் ஆனது, உனக்குத்தான் தெரியுமே. "நா... நான் லேட்டா வர்றேனாடா?" அவ்வளவுதான் கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட் பட்டையை நோண்டினான். "அண்ணே, நீங்க கேக்கவே வேணாம்னு இருந்தேன்."

"சொல்லு."

"மூணு மாசமா நான் கொஞ்சம் முன்னாடியே கை காட்டுறேண்ணே. பெட்டி நிக்கணும்னா, நிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாடியே காட்டுறேன். அப்பதான் நீங்க சரியா நிறுத்துறீங்க."

"ஏ... ஏன்டா சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது?"

மே மாதத்தில் ஒரு பெட்டி லாரியின் ஓரத்தில் இடித்து மூலை நசுங்கியது. காற்று என்று எழுதிக் கொடுத்தேன். நெட்டையனுக்கு அன்றைக்கு விடுமுறை, வேறொருவர் நின்றார். அவர் சரியான நேரத்தில் கை காட்டியிருக்கிறார். அதனால்தான் இடித்தது. புரிகிறதா உனக்கு? அதைக் கேட்டதும் பக்கத்தில் கிடந்த கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அன்றைக்கு இடித்தபோது லாரி டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போயிருந்தார்.

நீ என் பதிவை மயிரளவு இழுத்தாய், அவள் எனக்குப் பதிலாக வாசித்தாள், அவன் முன்னாலேயே கை காட்டினான். என்னைச் சுற்றி எல்லாரும் என்னைச் சரிக்கட்டிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் மட்டும் சரியாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை முடிந்ததும் நான் மேலே ஏறவில்லை. நேராக மருத்துவ அறைக்குப் போனேன். கழுத்து எலும்புக்கு நடுவில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். பதினேழு வருடம் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்தே பார்த்ததற்கு அது கொடுத்த கூலி. செப்டம்பர் நடுவில் ஆபரேஷன்.

உன் கடிதம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி அதிகாரி மேஜைக்கு வந்தது. கூப்பிட்டுக் காட்டினார். மிரட்டுகிறாய், எழுத மாட்டாய் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டாய். நான் மூன்று நாள் முந்திவிட்டேன், அது வேறு விஷயம். சொந்தத் தங்கையின் கையெழுத்தை அந்த மேஜையில் பார்ப்பது எப்படியிருந்தது என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்கும்போது எழுதுகிறேன்.

அண்ணன்


நவம்பர் 30

வாலுக்கு,

நலம். நீ ஆபரேஷனுக்கு வந்து எட்டு நாள் தங்கிப் போனதற்குப் பிறகு இதுதான் முதல் கடிதம். இருக்கும்போது நாம் இருவரும் நீ அதிகாரிக்கு எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதுதான்.

இப்போது என்னை வாசல் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். லாரி எண்ணைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். மைக்கில் பேசச் சொல்லவில்லை, அதுவரை பிழைத்தேன். குவார்ட்டர்ஸும் இருக்கிறது. ஆனால் ஜன்னல் வழியாக என் கிரேன் தெரிகிறது. வேறொருவர் ஓட்டுகிறார். நன்றாகத்தான் ஓட்டுகிறார்.

விஷயம் இது. ஜனவரியில் மறுபடி ஏற விருப்பமா என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வைத்தியர் "முன்னேற்றம் இருக்கு, நீங்களே பாத்துக்கோங்க" என்கிறார். அண்ணி, "கை நல்லாத்தான் இருக்கு, பொத்தான் போடுறீங்களே" என்கிறாள். நெட்டையன், "நீங்க வாங்கண்ணே, நான் இருக்கேன்ல" என்கிறான். அவன் இருப்பதுதான் எனக்குப் பயம். இவர்கள் யார் சொல்வதையும் இப்போது என்னால் நம்ப முடியவில்லை. எனக்காக எதையாவது நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்களோ என்று ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். என் கையையே நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

அதனால் உனக்கு எழுதுகிறேன். என்னைப் பற்றி அதிகாரிக்கே எழுதியவள் நீ. நீ பொய் சொல்ல மாட்டாய்.

அண்ணி வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடம் வாசித்தேன். கம்பி ஹெட்ஃபோன்தான். தபாலில் நானே போட்டேன். அளந்து சொல். டிசம்பர் இருபதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன்


டிசம்பர் 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டதாக அண்ணி எழுதினார்கள். குளிரில் வெறும் கழுத்தோடு வெளியே போகாதே.

படத்தைப் போன வாரம் திரையிட்டார்கள். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அண்ணியின் வாசிப்பைத்தான் வைத்தேன். முடிவில் 'பெட்டி மேளம்: அண்ணி' என்றே போடச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "அண்ணிங்கிறது பேரா, உறவா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

உன் கார்டு வந்து நான்கு நாளாகிறது. முதல் நாளே அளந்துவிட்டேன். இன்னும் மூன்று முறை அளந்தேன், வேறு எண் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

முதல் நான்கு நிமிடம் இடது கை இருபது பிந்துகிறது. நல்ல முன்னேற்றம், அதை யாரும் மறுக்க முடியாது. கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐந்தாவது நிமிடத்திலிருந்து முப்பது. எட்டாவதில் நாற்பதைத் தாண்டுகிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் அறுபது, ஓரிடத்தில் எழுபத்தெட்டு. கை களைத்ததும் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. நீ வாசித்தது பன்னிரண்டு நிமிடம். உன் ஷிப்ட் எட்டு மணி நேரம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்கு மட்டும் சராசரி எடுத்தால் முப்பதுக்குள் வரும். உனக்கு அப்படி எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். எழுதலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். என் விரல் பொத்தான்வரைக்கும் போனது. வெட்டவில்லை. எந்த அடியையும் நகர்த்தவில்லை. நீ வாசித்தது வாசித்தபடி இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து இன்னொரு கார்டு அனுப்பு. அளக்கிறேன். குறைந்திருந்தால் குறைந்தது என்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். இப்போது அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே, அண்ணா.

உன் வாலு